தூணில் இல்லாத ஐந்தாவது பெயர்

விடுப்பு மிச்சமிருக்கிறது, ஊர் சுற்றப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னேன். பொய். 2011 ஜனவரியில் நான் சொந்த ஊருக்குப் போனது ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்க்க.

சென்னையிலிருந்து இரவு ரயில், பதினைந்து மணி நேரம். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் தெரிந்ததும் பெட்டியே ஜன்னலுக்கு எழுந்தது. நான் எழவில்லை. காலை 10.40க்கு இரணியல். அங்கிருந்து கடற்கரைக்கு ஆட்டோ, 150 ரூபாய். "தூணப் பாக்கவா? அங்க என்ன சார் இருக்கு?" என்றார் ஓட்டுநர். நியாயமான கேள்வி.

பக்கத்துக் குளச்சல் என்றாலே, போரில் வென்ற பழைய ராஜாவின் வெற்றித்தூணைத்தான் சொல்வார்கள். இது அதல்ல, அதற்கு மேற்கே எங்கள் ஊரில் இருப்பது. என் அப்பா மிக்கேலும் இன்னும் நான்கு பேரும் கட்டுமரத்தில் போய், கயிற்றில் கல் கட்டி இறக்கி, மாதக்கணக்கில் தேடி, மீன் கூடும் கடலடிப் பாறை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஊர் நன்றியோடு ஐந்து பெயர்களையும் கல்லில் பொறித்து, கரையில் வெள்ளைத் தூண் நட்டது. கடலிலிருந்து பார்க்கையில் தூணும் பின்னாலுள்ள மலைமுகடும் ஒரே கோட்டில் தெரிந்தால் பாறைக்குப் போகும் வழி அதுதான். இப்படிக் கரையில் அடையாளம் வைப்பதற்குக் கணியம் என்று பெயர்.

சுனாமி தூணைக் கொண்டுபோனது. ஊர்க் கமிட்டி புதியதைச் சாலையோரத்தில் கட்டியது, பயணிகளுக்கு வசதியாம். அப்பா அதே கமிட்டியோடு சண்டை தீராமலே செத்தவர். கேள்விப்பட்டது சரிதான்: புதுக் கல்லில் நான்கு பெயர்கள், அப்பாவுடையது இல்லை. திறந்து வைத்தவர்கள் பெயர் மட்டும் பதினொன்று.

என்னோடு படித்த தாசன் கரையிலிருந்து ஏறி வந்தான்.

"ஏலே, மிக்கேலுக்க மவந்தானே? இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"பேரு இல்லியே தாசா."

"பேரு கெடக்கட்டும். தூணையே இடம் மாத்தில்லா நட்டிருக்கானுவ! இதக் கணியம் வச்சுப் போனா பாறை கிட்டாது மக்கா, மணலுதான் கிட்டும்."

தன் வள்ளத்துக்குக் கூட்டிப்போய் ஜிபிஎஸ் கருவியைத் தட்டினான். திரையில் ஒரு புள்ளி. அருகில் ஆங்கிலத்தில் அப்பாவின் பெயர்.

"மிக்கேல் பாறை. கமிட்டித் தலைவருக்க போட்டுலயும் இதுதான். வேற பேரு சொன்னா அவனுக்க மவனுக்கே தெரியாது."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் இரண்டாம் முறை தட்டிக் காட்டச் சொன்னேன்.

அப்பாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லி, சென்னையில் தட்டச்சு செய்த மனுவைத் தலைவர் வீட்டில் கொடுத்துவிட்டே வந்தேன். ஒன்றும் நடக்காது. கொடுக்காமல் விட்டால் அவர்கள் மறந்துவிடுவார்கள். அதற்கு இடம் தர மாட்டேன்.

போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் போங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், நிழல் கிடையாது. புதுத் தூணில் நேரத்தை வீணாக்காதீர்கள். கிழக்கே ஒதுங்கிக் கடல் பக்கமாக இருநூறு அடி நடந்தால், மணலில் பழைய தூணின் உடைந்த அடிப்பீடம் இருக்கிறது. அதன்மேல் ஏறி, மலைமுகட்டுக்கு நேராக முதுகைக் காட்டி நில்லுங்கள். எதிரே நேர்கோட்டில், கண்ணுக்கு எட்டாத தூரத்தில், என் அப்பாவின் பாறை.