விசேஷம் இருக்கிறவர்கள் வெளியே போகலாம்

போன மாதம் என் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்கு முதல் நாள், "சித்தி, நகம் வெச்சுக்கிட்டு வந்துரலாம், கூட வாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். இருக்கிற நகத்தை வெட்டவே சோம்பல்படுகிறவள் நான். இல்லாத நகத்தை மெனக்கெட்டு ஒட்டிவிடுவதற்கென்று ஓசூரில் தனியாக ஒரு கடை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. சின்ன அறை, கண்ணாடிக் கதவு, மேஜைக்கு அந்தப் பக்கம் வாயில் மெல்லிய மாஸ்க் கட்டிய ஒரு பெண். ஒரு கிண்ணத்தில் வெள்ளைப் பவுடரைக் கொட்டினாள். சீசாவைத் திறந்து தண்ணீர் மாதிரி எதையோ ஊற்றினாள். அவ்வளவுதான், என் முகம் தானாக இடது பக்கம் திரும்பிக்கொண்டது. மூச்சை வேறு பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

"வாசனை புடிக்கலையா ஆன்ட்டி?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ரொம்பப் பழகின வாசனைம்மா. ஜன்னல் இல்லையா இங்க?"

"ஏசி போட்டிருக்கே ஆன்ட்டி."

இதே பதிலைத்தான் நாங்களும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். அவளிடம் ஏதோ சொல்ல வந்து, அதிகப்பிரசங்கித்தனமாகப் போய்விடும் என்று எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்து நின்றுகொண்டேன். அழுகத் தொடங்கிய அன்னாசிப் பழத்தில் பெயிண்ட் தின்னரை ஊற்றினால் எப்படி இருக்கும், அந்த வாசனை. எலும்பு சிமெண்டின் வாசனை.

சிமெண்ட் என்றதும் மூட்டையை நினைக்காதீர்கள். தேய்ந்துபோன முழங்கால் மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்கும்போது, எலும்பும் உலோகமும் அசையாமல் பிடித்துக்கொள்ள நடுவில் ஒரு பசை வைப்பார்கள். அதுதான் இந்தச் சிமெண்ட். ஒரு பொட்டலம் பவுடர், ஒரு கண்ணாடி ஆம்பியூலில் திரவம். முன்கூட்டியே கலந்து வைக்க முடியாது, இறுகிவிடும். ஆபரேஷன் நடக்கும்போதே, மேஜைக்குப் பக்கத்தில் நின்று, அங்கேயே கலக்க வேண்டும். இரண்டாயிரங்களின் நடுவில், ஹைவே ஓரம் இருந்த ஒரு சின்ன எலும்பு ஆஸ்பத்திரியின் தியேட்டரில் அதைக் கலக்கிய கை என்னுடையது.

ஊத்தங்கரை வெயிலில் வளர்ந்தவள் நான். ஓசூர் குளிரைக் கண்டு முதல் மார்கழியில் இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் எல்லா ஊர்ப் பாஷையும் கேட்கும். பாரூர்ப் பக்கம் ஆயுசெல்லாம் சேற்றில் நின்று நாற்று நட்ட பெண்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். சிப்காட்டில் மெஷின் இழுத்த கைகள் வரும். பெங்களூரிலிருந்து வாரம் இரண்டு நாள் வரும் எங்கள் சர்ஜன் கன்னடக்காரர். "ஸ்வல்ப நில்லுங்க சிஸ்டர்" என்றால் கொஞ்சம் பொறு என்று அர்த்தம். அத்திப்பள்ளி நெரிசலில் அவர் வண்டி மாட்டிக்கொண்டால் எங்களுக்கு இன்னொரு டீ.

கலக்குவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தத் திரவம் ஒற்றைக் கையுறையைச் சட்டை செய்யாது. ஆம்பியூலின் கழுத்தை உடைத்து, ஸ்டீல் கிண்ணத்தில் பவுடரோடு ஊற்றிக் கிண்டினால் முதலில் கஞ்சி மாதிரி இருக்கும், பிறகு பரோட்டா மாவு மாதிரி. "ஒட்டுதா?" என்பார் டாக்டர். கையுறையில் ஒட்டவில்லை என்றால் தயார். குளிர்நாளில் அந்த நேரம் நீண்டுகொண்டே போகும். அதுவரைக்கும் கிண்ணத்திலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். மேஜையைச் சுற்றி நிற்கிற எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். தியேட்டருக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது. ஆனால் ரோடு அகலப்படுத்துகிற தூசி உள்ளே வருகிறது என்று அதன் ஓட்டையை பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிவிட்டார்கள். மீதி இருந்தது ஏசி. அது இருக்கிற காற்றையே திருப்பித் திருப்பி எங்களுக்குக் கொடுக்கும்.

சிமெண்ட் பெட்டிக்குள் ஒரு மடித்த தாள் இருக்கும். பொடி எழுத்தில் எச்சரிக்கைகள். கர்ப்பிணிகள் இந்த ஆவியைச் சுவாசிக்காமல் தள்ளி இருப்பது நல்லது என்று அதில் போட்டிருந்ததை எங்கள் சீனியர் சிஸ்டர் எனக்குப் படித்துக்காட்டி, "உடைக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கோ" என்றார். கேட்டுக்கொள் என்றால் சும்மா கேட்பேனா? எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆம்பியூலைத் தூக்கிப் பிடித்து, பஸ் கண்டக்டர் மாதிரி, "விசேஷம் இருக்கறவங்க எல்லாம் வெளிய போலாம்!" என்று ஒரு குரல் கொடுத்தேன். யாரும் எதிர்பார்க்கவில்லை, வார்டிலிருந்து உதவிக்கு வந்திருந்த ஒரு சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். அவள் வீட்டுக்காரருக்கே முந்தின நாள்தான் சொல்லியிருக்கிறாள். தியேட்டரே சிரித்தது. டாக்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு "கங்கிராட்ஸ்" என்றார்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. என் குரல், ஒரு சின்ன அமைதி, எல்லோரும் கதவைப் பார்ப்பது. யார் வெளியே போனாலும் மறுநாள் பஸ் ஸ்டாண்ட் எதிர் பேக்கரியிலிருந்து ஹனி கேக் வாங்கி வர வேண்டும். பாதுகாப்புக்குச் சொன்னதை ஒரு பண்டிகையாக்கிவிட்டேன் என்று எனக்குக் கொள்ளைப் பெருமை. கர்ப்பத்தைப் பத்துப் பேர் முன்னால் அறிவிக்காமல் அந்தக் கதவைத் தாண்ட முடியாது என்பது என் மண்டைக்கு உறைக்கவே இல்லை.

தியேட்டரில் என்னோடு வேலை பார்த்த இன்னொரு சிஸ்டர் மஞ்சுளா, தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களோடு தமிழ். என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஆனால் எனக்கு முன்பே கல்யாணமானவள். கணவருக்கு வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஐந்து வருஷமாகக் குழந்தை இல்லை. என் வாய்க்கு அதுவும் தீனிதான். "எல்லார் கேக்கும் தின்னாச்சு, உன் கேக் எப்ப மஞ்சு?" என்பேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்பினேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அது கேழ்வரகு அறுப்புக் காலம். காட்டை ஒட்டின ஊர்களில் யானை இறங்குகிற காலம். கேழ்வரகுக் கொல்லையில் காவலுக்கு இருந்த ஒரு பெரியவர் யானையைக் கண்டு ஓடி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு வந்திருந்தார். முதுகில் ஊசி போட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் மரக்க வைத்திருந்ததால் முழு நினைவோடு இருந்தார். தெலுங்கு தவிர வேறு பேசமாட்டார். மஞ்சுளாதான் அவர் தலைமாட்டில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலைக் குளிர் எலும்பைக் குத்திக்கொண்டிருந்தது. நான் ஆம்பியூலை எடுத்து வழக்கமான குரலைக் கொடுத்தேன்.

மஞ்சுளா கதவைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தாள். ஒரே ஒரு அடி.

நான் பார்த்துவிட்டேன். பார்த்தவள் பேசாமல் இருந்திருக்கலாம். "ஏய் மஞ்சு, எங்க கிளம்பிட்ட? நேரா பேக்கரிக்கா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார்.

"இல்லக்கா, ஸ்டூல் எடுக்கலாம்னு..." என்றாள். ஸ்டூலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பெரியவரின் தலைமாட்டில், ஏசிக்கு நேர் கீழே, உட்கார்ந்தாள். நான் கண்ணாடிக் கழுத்தை உடைத்தேன். குளிரில் சிமெண்ட் இறுகுவேனா என்றது. "ஏமம்மா ஈ வாசன?" என்று பெரியவர் என்ன வாசனை இது என்று கேட்க, ஒன்றுமில்லை தாத்தா என்று அவள் தெலுங்கில் சொன்னது காதில் விழுந்தது. மாஸ்குக்கு மேல் இன்னொரு மாஸ்க் கட்டியிருந்தாள். குளிருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து லீவு போட்டாள். திரும்பி வந்தபோது முகம் வற்றியிருந்தது. உடை மாற்றும் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஜுரமா என்று கேட்டேன்.

"கலைஞ்சிருச்சுக்கா," என்றாள். "இது மூணாவது. முன்ன ரெண்டு தடவையும் உடனே எல்லார்த்துக்கும் சொல்லிட்டோம். மாமியார் ஊரு பூரா சர்க்கரை குடுத்தாங்க. அப்புறம் அதே ஊரு வந்து துக்கம் கேட்டுச்சு. அதான் இந்தத் தடவை மூணு மாசம் முடியாம யாருக்கும் சொல்றதில்லைன்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிக்கிட்டோம்."

எனக்கு அந்த ஒரு அடி ஞாபகம் வந்தது. "அன்னிக்கு நீ வெளிய போயிருக்கலாமே மஞ்சு?"

"போனா தெரிஞ்சிருமேக்கா."

அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பெயர் சொல்லாமல் டாக்டரிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். "அதனாலதான்னு சொல்ல முடியாது சிஸ்டர். முன்னாடியே ரெண்டு தடவை ஆயிருக்கு அப்படின்னா வேற காரணம் இருக்கும். ஆனா அவங்கள அங்க நிக்க வெச்சது நம்ம தப்பு," என்றார். குழாயை மூடிவிட்டு, "இனிமே யாரையும் கேக்காதீங்க. கையில வேலை இல்லாதவங்க எல்லாரையும் அனுப்புங்க. ஆம்பளைங்களையும்," என்றார். அன்றைக்கே ஆள் வைத்து எக்ஸாஸ்ட் ஓட்டையிலிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்து, தூசிக்கு வலை அடிக்கச் சொன்னார். எவ்வளவு சின்ன வேலை. அரை மணியில் முடிந்துவிட்டது.

புதிய ஏற்பாட்டின் முதல் நாள், நான் கிண்ணத்தை எடுக்கப் போனபோது மஞ்சுளா கையுறை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "இனி நான் கலக்கறேன்க்கா. உங்களுக்குக் கல்யாணம் வருது. நீங்க போங்க."

"நீ எதுக்குடி? நீதான் முதல்ல போகணும்."

"இனி வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்க்கா. எனக்கு என்ன பயம்?" என்று கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

எனக்குக் கல்யாணம் ஆயிற்று. நானும் உண்டானேன். யாரும் குரல் கொடுக்கவில்லை, யாரும் கதவைப் பார்க்கவில்லை. அனஸ்தீசியா உதவியாளர், வார்டு பாய், ஆயா எல்லோரோடும் கலந்து நானும் வெளியே வந்து காரிடாரில் நிற்பேன். கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு அவள் கிண்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் படியிறங்கும்போது மட்டும் "மெதுவா நடங்கக்கா" என்றாள். கண்டுபிடித்துவிட்டாள். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. என் மகன் நல்லபடியாகப் பிறந்தான்.

பிரசவ லீவு முடிந்து நான் திரும்பிய சமயத்தில்தான் மூடியுள்ள மிக்ஸர் வந்தது. பவுடரையும் திரவத்தையும் உள்ளே விட்டு மூடிவிட வேண்டும். குழாயைக் காற்றை உறிஞ்சும் சக்ஷனில் மாட்டி, வெளியிலிருந்து கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஆவி குழாய் வழியே போய்விடும். அன்று நான் டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுத்துக்கொண்டு மேஜையருகே நின்றேன். மஞ்சுளா கைப்பிடியைச் சுற்றினாள். குனிந்து மோந்து பார்த்தாள். "ஒண்ணுமே வரலக்கா," என்றாள். இன்னும் கொஞ்சம் சுற்றினாள். மாஸ்குக்கு மேலே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்து, பழக்க தோஷத்தில், "கண்ணு எரியுதா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர்," என்றாள்.

நான் தட்டிலிருந்த கருவிகளை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினேன். அவை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

சில மாதங்களில் அவள் கணவருக்கு வடக்கே எங்கோ இருக்கும் கம்பெனிக் கிளைக்கு மாற்றலாயிற்று. சொல்லிவிட்டுப் போக வீட்டுக்கு வந்தாள். என் மகன் தவழ்ந்து போய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். அவள் அவனைத் தூக்கவில்லை, தள்ளவும் இல்லை. விழுந்துவிடாமல் முதுகுக்குப் பின்னால் கையை மட்டும் வைத்திருந்தாள். அப்போது கேட்டிருக்க வேண்டும் நான். மன்னிச்சிரு மஞ்சு, அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ போயிருப்பாய் என்று. தியேட்டரையே சிரிக்க வைத்த வாய்க்கு அன்று வந்தது, "சாப்ட்டுட்டுப் போயேன்" என்பதுதான். பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா என்று எழுந்துவிட்டாள்.

அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. இடித்துவிட்டு கார் ஷோரூம் கட்டியிருக்கிறார்கள். ஸ்டீல் கிண்ணம் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்றோ. டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். வட்டக் கண்ணாடிக் கதவு இல்லை, அந்தக் காரிடார் இல்லை. ஓசூரில் குளிர்கூட முன்போல இல்லை. மஞ்சுளா கொடுத்துவிட்டுப் போன போன் நம்பரை மட்டும் ஒரு டைரியிலிருந்து இன்னொரு டைரிக்கு, டைரியிலிருந்து செல்போனுக்கு என்று மாற்றிக்கொண்டே வந்திருக்கிறேன். நகக்கடையிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் அதற்குப் போட்டேன். யாரோ ஒருவர் இந்தியில் பேசினார். ராங் நம்பர் என்றார். இரண்டாவது தடவையும் அவரே எடுத்தார். அவளே எடுத்திருந்தாலும் என்ன, என்னை எனக்குத் தெரியாதா, "சாப்ட்டியா மஞ்சு" என்றுதான் கேட்டிருப்பேன்.