யாருக்கும் சொல்லாமல் விட்ட விரால்கள்

எண்பதுகளின் நடுவில், திண்டுக்கல்லை அடுத்த எரியோடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திண்டுக்கல்லில் அறை எடுத்துத் தங்கி, ஒரு மீன் வளர்ப்புத் திட்டத்தில் தற்காலிக ஊழியனாக இருந்தேன். ஊர்க் குளங்களில் கெண்டை வளர்க்கச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அந்த ஊர்க் குளம் குடிதண்ணீர்க் குளம் இல்லை. மாடு குளிப்பாட்ட, துணி துவைக்க என்று புழங்குகிற குளம். கெண்டைக் குஞ்சு விடுவதற்கு முன்னால், அதைத் தின்றுவிடும் விராலையும் கெளுத்தியையும் ஒழிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம். கோடையில் தண்ணீர் வற்றியிருந்தபோது இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினேன். கை நீள விரால்கள் எல்லாம் மயங்கி மிதந்தன. அன்றைக்கு ஊரே விரால் குழம்பு வைத்தது, எனக்கும் ஒரு தூக்குச்சட்டி வந்தது. அப்புறம் வண்டி வண்டியாகச் சாணியும் உரமும் கொட்டச் சொன்னேன். தண்ணீர் பச்சை கட்டியது. "பச்சைத் தண்ணிதான் நல்ல தண்ணி, மீன் கொழுக்கும்" என்று கரையில் நின்று பிரசங்கமே செய்தேன். அதுவும் பாடத்தில் இருந்ததுதான்.

முதல் வருடம் கெண்டை நன்றாகத்தான் வந்தது. அடுத்த சித்திரையில் காற்றே இல்லாமல் வெயில் கொளுத்தியது. கீழ்க்கரை ஓரமாகப் பெயின்ட் கொட்டினாற்போல் ஒரு பச்சை ஆடை படிந்து நாறியது. அங்கே தண்ணீர் குடித்த ஓர் எருமை, கரை ஏறி நாலு எட்டு வைப்பதற்குள் உதறி விழுந்து செத்துப்போனது.

அது ஒரு விதவைப் பெண்ணின் எருமை. நாற்பது வயது இருக்கும். இரண்டு எருமைகளை வைத்துப் பால் ஊற்றித்தான் அவர் குடும்பம் ஓடியது. பக்கத்துச் சோளக் கொல்லை அவர் கொழுந்தனுடையது. எருமை கொல்லைக்குள் புகுந்ததென்று முந்தின வாரம்தான் இருவருக்கும் சண்டை. கொழுந்தன்தான் விஷம் வைத்துவிட்டான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தார். "ஏலே, வாயில்லாச் சீவனைக் கொன்னவன் வீடு வெளங்குமாடா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். அவன் "சத்தியமா நான் இல்ல மதினி" என்று அழாத குறையாகச் சொன்னான். யாரும் நம்பவில்லை.

எனக்கு அந்தப் பச்சை ஆடையின் மேல்தான் சந்தேகம். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த விலங்கியல் பேராசிரியரிடம் போனேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, இந்தப் பாசியில் விஷம் கொண்ட வகை உண்டு, மாட்டைக் கொன்றாலும் கொல்லும் என்றார். அது ஏன் இப்படிப் பெருகியது என்றும் சொன்னார். சாணியும் உரமும் பாசிக்குத் தீனி. பாசியை மேய்ந்து அடக்கிவைப்பவை தண்ணீரில் தத்தித் திரியும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகள். அந்தப் பூச்சிகளைப் பொடிமீன்கள் தின்னும். பொடிமீன்களை விரால் தின்னும். விரால் ஒழிந்ததும் வாய்க்கால் வழியாக வந்த பொடிமீன்கள் கேட்பாரில்லாமல் பெருத்து, பூச்சிகளைத் துடைத்துவிட்டன. அப்புறம் பாசிக்கு யார் தடை?

"சாணி போடுறதை நிறுத்துங்க. மழை வந்ததும் விராலைக் கொண்டுபோய் விடுங்க. தண்ணி தெளிய வாய்ப்பு இருக்கு. ஆனா முதல் காரியமா, அந்தத் தண்ணியில மாட்டை விடாதீங்கன்னு ஊர்ல சொல்லிடுங்க" என்றார். "சரி சார்" என்றேன்.

சொல்லவில்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் நூறு காரணம் சொல்லியிருப்பேன். பாசிதான் கொன்றது என்று உறுதியாகத் தெரியாது, எருமையைப் புதைத்தாகிவிட்டது, வீணாக ஊரைக் கலவரப்படுத்துவானேன். உண்மை இதுதான்: என் வேலையை நிரந்தரம் ஆக்கும் காகிதம் மேலே போயிருந்தது. பச்சைத் தண்ணீர் நல்லது என்று ஊர் கூட்டிச் சொன்னவன் நான். பயமும் வெட்கமும் சேர்ந்து வாயை அடைத்துவிட்டன.

சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். புதுத் திட்டம் என்று ஏதோ புளுகிச் சாணி போடுவதை நிறுத்தினேன். ஐப்பசி மழையில் குளம் நிறைந்து பச்சை கலைந்தது. மறுபடி பச்சை கட்டுவதற்குள் விராலை விட வேண்டும். திண்டுக்கல்லில் உயிரோடு விரால் வாங்கி, பால் கேனில் போட்டு டவுன் பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர் "என்னய்யா, பாலா?" என்றார். "ஆமா" என்றேன். உள்ளேயிருந்து ஒரு விரால் மூடியை மொத்தியது. "இம்புட்டு உதைக்குதே, எந்த மாட்டுப் பாலு?" என்று பஸ்ஸே சிரித்தது. இப்படி நாலைந்து நடை போய், எல்லாரும் காட்டு வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் குளத்தில் விட்டேன்.

தை மாதம் முழங்கால் ஆழத்தில் நின்றால் பாதம் தெரிந்தது. ஒரு டம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்தேன். பொடிப் பூச்சிகள் தத்திக்கொண்டிருந்தன. அன்று நான் பட்ட சந்தோஷம் கொஞ்சமில்லை. தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அந்த ஊரில் பங்குனியில் குளம் வற்றும்போது ஒரு நாள் மீன்பிடி. எங்கள் கெண்டையை வலை போட்டு எடுத்த பிறகு மிச்சமெல்லாம் ஊருக்கு. ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் கரையில் நின்று துண்டை வீசுவார். உடனே சனம் மொத்தமும் ஊத்தாவோடு இறங்கும். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. சேற்றில் கவிழ்த்து, மேலே கையை விட்டு மீனை எடுப்பார்கள். மீனை அள்ளாவிட்டால் அடுத்த மழை தப்பும் என்பது அவர்கள் நம்பிக்கை. விராலை மட்டும் விட்டுவிடுங்கள் என்று முன்கூட்டியே பெரியதனக்காரரிடம் கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்பாரே! சேற்றுக்குள் புதைந்து எப்படியும் பாதி தப்பிக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆளாளுக்கு விராலைத் தூக்கிப் பிடித்துக் கூவினார்கள். "போன வருசம் ஒண்ணுகூட இல்ல, இந்த வருசம் அம்புட்டும் விராலு! சாமி குடுத்தது!" என்றார் ஒருவர். "சாருக்குப் பெருசா ஒண்ணு குடுங்கப்பா" என்று இருப்பதிலேயே பெரியதை ஓலையில் கோத்து என் கையில் கொடுத்தார்கள். நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். என்னை என்ன சொல்வது?

கலங்கிய குளம் சித்திரையில் மறுபடி பச்சை கட்டியது. அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அந்தப் பெண்ணின் இரண்டாவது எருமையும் அதே கீழ்க்கரையில் விழுந்தது. சினை எருமை.

அன்றைக்குத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். தொழுவத்தில் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாணி, பாசி, பேராசிரியர் சொன்னது, விரால், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரலே எழும்பவில்லை.

"போன வருசமே தெரியுமா சார்?"

தெரியும் என்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லிருந்தா இவள அங்கிட்டு ஓட்டிருக்க மாட்டேனே. விராலையும் ஊர்ல எவனும் தொட்டிருக்க மாட்டான்." மடியிலிருந்த கயிற்றைப் பிரித்துத் திரும்பச் சுருட்டிக்கொண்டே, "என் கொழுந்தன் மக கல்யாணத்துக்குக்கூட நான் போகல சார். அந்தப் புள்ளய வளத்ததே நான்தான்" என்றார்.

பெரியதனக்காரரிடமும் சொன்னேன். கீழ்க்கரையில் முள் வெட்டிப் போட்டு மாடு இறங்காமல் மறித்தார்கள். கொழுந்தன் தானே வந்து மதினியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சமாதானமானான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் அவர் தொழுவம் காலியாகத்தான் கிடந்தது. சின்னாளப்பட்டிப் பக்கம் நூல் சுற்றும் கூலி வேலைக்குப் போய்விட்டார். எனக்கு அடுத்த மாதமே நிரந்தர உத்தரவு வந்தது. அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் நடத்தி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஓய்வும் பெற்றேன்.

குளத்தைக் கெடுத்தது தெரியாமல் செய்த தப்பு, அதை எப்படியோ மனம் ஆற்றிக்கொண்டுவிட்டது. தெரிந்த பிறகும் ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அதை ஆற்றிக்கொள்ள இந்த வயதிலும் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.