சும்மா உட்கார வைத்த கோடை

எங்கள் கட்டிடத்தில் இன்று லிஃப்ட் ஓடவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய இட்லி அரிசியும் தேங்காயுமாக ஒரு கனத்த பையை ஆட்டோவிலிருந்து இறக்கிவிட்டு, மாடிப்படிக்கு முன்னால் மலைத்துப்போய் நின்றேன். மேல் வீட்டுப் பெண் இறங்கி வந்தாள். தினமும் ஜிம்முக்குப் போய் இரும்பு தூக்குகிறவள். தோளைப் பார்த்தாலே தெரியும். "ஒரு கை பிடியேம்மா" என்றேன். "ஸாரி ஆன்ட்டி, இன்னைக்கு எனக்கு ரெஸ்ட் டே. எதையும் தூக்கக் கூடாதுன்னு கோச் சொல்லியிருக்கார்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. இதே வசனத்தை டெல்லி லக்ஷ்மிபாய் நகர் முழுக்க நான் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரு மே மாதம் உண்டு. எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

என் வீட்டுக்காரர் பளு தூக்குகிறவர். 'இவர்' என்றே சொல்லிப் பழகிவிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பகலில் இவர் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். மாலையில் இரும்புக் கம்பி, தட்டுகள், வேர்வை. வீடு திரும்பும்போது தைல வாசனை முதலில் வரும், இவர் பின்னால் வருவார். நான் வேறொரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அந்த வருஷம் இவருக்கு கௌஹாத்திக்கு மாற்றல் வந்தது. என் வேலை டெல்லியில். அதை விட்டுவிட்டுப் போகவும் முடியாது, புதுசாகக் கல்யாணமானவரைத் தனியாக அனுப்பவும் மனசில்லை. ஒரே ஒரு வழி இருந்தது. அலுவலக விளையாட்டு அணியில் இருப்பவர்களை டெல்லியிலேயே வைத்துக்கொள்வார்கள். அணிக்கு ஆள் எடுப்பது மே மாதக் கடைசியில்.

ஆனால் தூக்க வேண்டிய எடை இவருக்கு வாரக்கணக்காக மசியவில்லை. நெஞ்சுவரை வரும், அதற்கு மேல் அடம் பிடிக்கும். இவரோ ஒரு நாள்கூட விடாமல் போய் அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் உஸ்தாத் வீட்டுக்கே வந்துவிட்டார். பயிற்சி கொடுக்கிறவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பட்டாளத்திலிருந்து வந்த பஞ்சாபிக்காரர். இவரோடு பேசவே இல்லை. டீயைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "பேட்டி, இஸ்கோ பிட்டாகே ரக்னா. குச் பீ உட்டானே மத் தேனா" என்றார். மகளே, இவனைப் பிடித்து உட்கார வை, ஒன்றையும் தூக்க விடாதே. உடம்பில் களைப்பு ஊறிக் கிடக்கிறது, தேர்வு நாள் வரைக்கும் ஓய்வு.

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். காவல் வேலை என் தலையில்.

எங்களுக்கு இருந்தது மாடிக் குவார்ட்டர்ஸில் ஓர் அறை. அதற்குள் இவர் நடப்பார், திரும்புவார், ஜன்னலைத் திறப்பார், மூடுவார். கட்டில் சட்டத்தில் விரலால் தாளம். "கை சும்மா இருக்க மாட்டேங்கு புள்ள. அந்தப் பெட்டிய இந்தப் பக்கம் வைக்கட்டா?" என்று திருநெல்வேலிப் பேச்சில் கெஞ்சுவார். பெட்டியும் வேண்டாம் கட்டியும் வேண்டாம், உட்காருங்கள் என்பேன். சாயங்காலம் கால் வலிக்கட்டும் என்று சாணக்யபுரிப் பக்கம் நடக்கக் கூட்டிப்போவேன். அங்கேயும் எவனாவது கிளம்பாத ஸ்கூட்டரோடு நின்றால் போதும், இவருடைய தோள் தானாக அந்தப் பக்கம் திரும்பும். முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

மே மாதம் என்றால் டெல்லியில் கூலர் மாட்டும் காலம். தகரப் பெட்டிகளை மாடி ஜன்னலில் ஏற்ற, "பயில்வான் எங்கே?" என்று ஆளுக்கு ஆள் வருவார்கள். நான் கதவை அடைத்துக்கொண்டு நின்று, "அவருக்கு ரெஸ்ட்" என்பேன். கூலர்கூடப் பரவாயில்லை. தண்ணீர்தான் மானத்தை வாங்கியது. கோடையில் மாடிக்கு ஏறாது. விடிகாலையில் கீழ்க் குழாயில் பிடித்துத் தூக்கிவர வேண்டும். ஒல்லிக்குச்சி நான் இரண்டு கையிலும் வாளியோடு படியேற, மலை மாதிரி இவர் வாசலில் கைகட்டி நிற்பார். தெருவே வேடிக்கை பார்த்தது. "பாவம் அந்தப் பொண்ணு, தடியன் நிக்கிறான் பாரு" என்று என் காதுபடவே சொன்னார்கள். இவருக்கும் கேட்டது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் ஆத்திரம்தான், ஆனால் கௌஹாத்தியை நினைத்துக்கொள்வேன். அலுவலகத்தில் டைப் அடிக்கும்போதுகூட, இந்நேரம் எந்த பீரோவை நகர்த்துகிறாரோ என்று மனம் அலைந்து, வரிக்கு வரி தப்பு வரும்.

தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஏற்கெனவே எங்களுக்குப் பழக்கமான திருச்சிக்கார சரோஜா அக்கா எங்கள் மாடியிலேயே எதிர்வீட்டுக்குக் குடிவந்தார். ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவந்த ஆட்டுக்கல் அவரோடு வந்தது. அக்காளின் கணவரும் தம்பியும் காய்கறி வண்டிக்காரனுமாகச் சாக்கில் கட்டித் தூக்கினார்கள். பாதிப் படியில், திருப்பத்தில் கல் சாய்ந்து நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"பயில்வான் தம்பி எங்கடி? ஜல்தி வரச் சொல்லு!"

"அவருக்கு ரெஸ்டுக்கா. தூக்கக் கூடாது."

"தூக்குறவனுக்குத் தூக்கக் கூடாதா? நல்லா இருக்கே கதை!"

திரும்பிப் பார்த்தால், இவர் மேல் படியில் வெறுங்காலோடு நிற்கிறார். விரல்கள் மடங்கி மடங்கி விரிகின்றன. கண் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டது. வாயைத் திறந்து கேட்டிருந்தால் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்கு இடம் கொடுக்காமல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, சாக்கின் ஒரு மூலையை நானே பிடித்தேன்.

மேலேயிருந்து ஒரு சத்தம்: "முதுக நிமித்து! இடுப்பால தூக்காத, காலால எந்திரி!"

எல்லாரும் அப்படியே செய்தோம். "மூச்ச இழு. இப்ப!" கல் ஒரு படி ஏறியது. "எறக்கு. இளைப்பாறு. மறுபடி!" இப்படியே ஏற்றி, அக்காள் வீட்டு அடுக்களையில் கொண்டுபோய் வைத்தோம். வாளி தூக்கித் தூக்கி என் கையில் ஏதோ சேர்ந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். இவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சாக்கு அறுத்துச் சிவந்திருந்தது. பொலபொலவென்று அழுதுவிட்டார். "இனிமே ஒரு நாளும் ஒன்னையத் தூக்க விட மாட்டேன் புள்ள."

தேர்வு நாளன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் வாசலில் தைல வாசனை வந்தது. பின்னாலேயே இவர் வந்தார். உள்ளே போய் இரண்டு வாளிகளையும் எடுத்துக்கொண்டு தடதடவென்று கீழே இறங்கினார். அந்த நேரத்தில் குழாயில் ஒரு சொட்டு வராது என்று இவருக்கும் தெரியும். எடை ஏறிவிட்டது என்று நான் புரிந்துகொண்டது அப்படித்தான்.

மாற்றல் ரத்தாயிற்று. அதற்கப்புறம் வருஷக்கணக்காக என் கையில் ஒரு பை இருந்ததில்லை. ரயில் நிலையமோ மார்க்கெட்டோ, நான் குனிவதற்குள் இவர் கை அங்கே இருக்கும். சரோஜா அக்கா குடும்பத்தோடு திருச்சிக்குத் திரும்பியபோது கல்லை இறக்க ஆளில்லாமல் அங்கேயே விட்டுவிட்டுப் போனார். உஸ்தாதும் போய்ச் சேர்ந்துவிட்டார். வெட்டிவேர் மணக்கக் கூலரில் நனையும் தட்டியை இப்போது எங்கள் கட்டிடத்தில் யார் வீட்டிலும் காணோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். எதையும் தூக்கக் கூடாது, ஓய்வு என்றார் டாக்டர். இப்போது அவரே, "நடங்க, சின்னச் சின்ன வேலை செய்யுங்க, நல்லது" என்கிறார். இவர்தான் ஜன்னலோர நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. யாரும் பிடித்து உட்கார வைக்க வேண்டியதில்லை. நாற்காலிக் கையில் விரல்கள் அப்படியே கிடக்கின்றன, தாளம்கூட இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

இன்றைக்கு மாடிக்கு மாடி நின்று பையை நானே கொண்டுவந்து சேர்த்தேன். அடுக்களைக்கு எடுத்துப் போகாமல், இவர் கை அதைத் தேடி வருமா என்று பார்க்க வேண்டுமென்றே இவர் காலடியில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இடுப்பு பிடிச்சுக்கும் புள்ள. காலால எந்திரி" என்றார்.

முதுகை நிமிர்த்திக்கொண்டு பையைத் தூக்கினேன்.