எம்பிராய்டரி கடையில் விண்டோஸ் பத்து

போனை எடுத்ததும் ஸ்டெல்லா சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, நான் தொலைஞ்சேன்."

விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற எனக்கு இந்த மாதிரி போன் புதிதல்ல. ஹார்ட் டிஸ்க் போனவர்கள் எல்லோருமே தங்கள் உயிர் போனது போலத்தான் பேசுவார்கள். ஆனால் ஸ்டெல்லா அலறுகிற ஆள் இல்லை. சென்னையில் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, திண்டிவனத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினைப் போட்டுத் சொந்தமாகக் கடை நடத்துகிறவள். ரவிக்கைக்குப் பூ, டி-ஷர்ட்டுக்குப் பெயர் என்று ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாகப் பெரிய ஆர்டர் ஒன்று வரும் போலிருந்தது. ஒரு நர்சிங் கல்லூரிக்கு வெள்ளைக் கோட்டுகளில் முத்திரை போட்டுத் தர வேண்டும். மறுநாள் காலை சாம்பிள் வராவிட்டால் புதுச்சேரிக் கடைக்குக் கொடுத்துவிடுவோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

"ஆயுத பூஜை லீவு முடிஞ்சு வந்து பாத்தா விண்டோஸ் பதினொண்ணு ஏறி உக்காந்துகினு இருக்குக்கா. டிசைன் சாஃப்ட்வேர் தொறக்கவே மாட்டேங்குது. பெரிய பேஜாரா போச்சு. பழையதுக்கே மாத்திக் குடுங்க. ஜல்தி வாங்க."

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு போன் வந்துவிட்டது. கடைக்குள் நுழைந்தால் வழக்கமான வரவேற்பு. துணி கொடுக்க வந்திருந்த ஒருவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "இன்ஜினியர் வரலீங்களா?" என்றார்.

"அவருக்கு வேற வேலை இருக்குங்க. மூளைய மட்டும் என்கிட்ட குடுத்தனுப்பினாரு" என்றேன். இத்தனை வருஷத்தில் இந்தப் பதில் எனக்கு மனப்பாடம்.

பட்டன் இல்லாத இடம்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். புது விண்டோஸ் ஏறினால், சில நாட்கள் வரைக்கும் பழையதற்குத் திரும்ப 'கோ பேக்' என்று ஒரு பட்டன் இருக்கும். பழைய விண்டோஸை அது ஒரு ஃபோல்டரில் பத்திரமாக வைத்திருக்கும். செட்டிங்ஸில் ரெகவரிக்குப் போய்ப் பார்த்தேன். பட்டனைக் காணோம்.

"டிஸ்க்கு ஃபுல்லுன்னு காட்டுச்சுக்கா. வீடியோ பாத்து க்ளீன் பண்ணிட்டேன்" என்றாள் ஸ்டெல்லா. அந்த ஃபோல்டரை அவளே குப்பையோடு குப்பையாகப் பெருக்கித் தள்ளியிருக்கிறாள்.

இனி ஃபார்மேட் அடித்து, விண்டோஸ் பத்தைப் புதிதாகத்தான் போட வேண்டும். முதலில் டிசைன்கள் அத்தனையையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். ஃபைல் எண்ணிக்கை, சைஸ் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஃபார்மேட். இதில் அவசரப்படுகிறவர்கள் தயவுசெய்து வேறு தொழில் பாருங்கள். பிறகு விண்டோஸ், டிரைவர்கள், எம்பிராய்டரி சாஃப்ட்வேர், கடைசியாக டாங்கிள் டிரைவர். டாங்கிள் என்பது யுஎஸ்பியில் செருகும் ஒரு சாவி. அது இல்லாமல் இந்த சாஃப்ட்வேர் திறக்காது.

ஐகானைத் தட்டினேன். 'டாங்கிள் நாட் ஃபவுண்ட்' என்று வந்தது.

ஸ்டெல்லா என்னை விட்டுவிட்டு ஆபரேட்டர் அமுதா பக்கம் திரும்பினாள். கல்லூரி முத்திரையை டிசைன் செய்ததே அந்தப் பெண்தான். கிளியனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள்.

"எல்லாம் இவளாலதான்க்கா. பூஜை அன்னிக்கு இவதான் கடைசியா சிஸ்டம ஆஃப் பண்ணா. இன்னாத்தடி அமுக்குனன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா."

அமுதா மெஷினுக்குப் பின்னால் நின்று, வெட்டத் தேவையில்லாத நூலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

நான் போர்ட் மாற்றிப் பார்த்தேன். வேறு டிரைவர் போட்டுப் பார்த்தேன். அதே எரர். "பதினொண்ணுல இன்னா மெசேஜ் வந்துது?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"இதேதான்க்கா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புதியதிலும் இதே எரர், பழையதிலும் இதே எரர் என்றால் விண்டோஸ் மேல் எதற்குப் பழி? டாங்கிளைப் பார்த்தேன். செருகியிருக்கும்போது எரிய வேண்டிய சின்ன லைட் எரியவில்லை.

டீ வருவதற்குள்

"ஸ்டெல்லா, போய் மூணு டீ வாங்கிகினு வாம்மா" என்று அவளை வெளியே அனுப்பினேன். அமுதாவிடம், என்ன அமுக்கினாய் என்று கேட்கவில்லை. "பூஜை அன்னிக்கு காலைலேர்ந்து இன்னா செஞ்ச? ஒண்ணொண்ணா சொல்லு" என்றேன்.

ஸ்டெல்லா மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் ஆயுத பூஜைக்குப் பொரி கடலை வாங்கித் தருவது அவள்தான். பூஜையை அமுதா பார்த்துக்கொள்வாள்.

"கடையக் கழுவுனேன் மேடம். சிஸ்டம ஆஃப் பண்றப்போ அப்டேட்டுன்னு கேட்டுது, ஓகே குடுத்தேன். அப்பறம் எல்லாத்தையும் தொடச்சு சந்தனம், குங்குமம் வெச்சேன்."

"எல்லாத்துக்கும்னா?"

"மெஷினு, கத்திரிக்கோலு, மானிட்டரு, மவுசு..." கொஞ்சம் தயங்கினாள். "அந்தச் சாவிக்கும் வெச்சேன். அது இல்லன்னா எதுவுமே ஓடாதே மேடம்."

"அதுல எங்க வெச்ச?"

"மூஞ்சிலதான். தகரம் பளபளன்னு இருக்குதே, அங்க. அப்பறம் தொடச்சிட்டுத்தான் சொருவுனேன்."

டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே துடைத்திருந்தாள், உள்ளே தங்க நிறக் கம்பிகளின் மேல் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "வேலைய விட்டு நிறுத்திடுவாங்களா மேடம்?"

ஸ்பிரிட்டை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டுச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டு, பின்பக்கப் போர்ட்டில் செருகினேன். பச்சை லைட் எரிந்தது. சாஃப்ட்வேர் திறந்தது.

டீயோடு வந்த ஸ்டெல்லா கதையைக் கேட்டு அப்படியே நின்றாள். "அப்போ விண்டோஸ் மாத்துனதே வேஸ்ட்டாக்கா?"

"வேஸ்ட்டுதான். இந்த ஆர்டர் முடியட்டும், பேக்கப் எடுத்து முறையா பதினொண்ணே போட்டுத் தரேன். நெட்டுல இருக்குற சிஸ்டத்துல பழையத ரொம்ப நாளு வெச்சிருக்கக் கூடாது, வைரஸ் ஏறிடும்."

அவள் அமுதாவைப் பார்த்தாள். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீங்க கத்துனதாலதான்க்கா சொல்லல."

ஸ்டெல்லா ஒரு டீயை எடுத்து அமுதா கையில் கொடுத்தாள். சாம்பிள் கோட்டை ஃபிரேமில் மாட்டினாள். மெஷின் ஓட ஆரம்பித்ததும், "நாளைக்குக் காலேஜுக்கு நீயே எடுத்துகினு போ. டிசைன் உன்னுது" என்றாள். அதைக் கேட்டபோது, என் பாதி நாள் வீணானது எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான். சிஸ்டத்திடம் கேட்பதற்கு முன்னால், அதில் உட்கார்ந்து வேலை செய்பவரிடம் கேட்க வேண்டும், அதுவும் அவர் பயப்படும் ஆள் பக்கத்தில் இல்லாதபோது. அதைச் செய்திருந்தால் அன்று ஃபார்மேட்டே தேவைப்பட்டிருக்காது.

மறுநாள் மத்தியானம் ஸ்டெல்லா போன் செய்தாள்.

"அக்கா, ஆர்டரு நமக்குத்தான்! பிரின்சிபல் மேடம் நூலத் தடவிப் பாத்துகினே, இத யாரு டிசைன் பண்ணதுன்னு கேட்டாங்களாம். நான்தான் மேடம்னு சொன்னாளாம் அமுதா. சத்தமா சொன்னாளாம்க்கா."