இறைப்பு மிசினுக்கு வந்த கடிதங்கள்

ஞானாம்பிகை என் பக்கத்து வளவுக்காரி. அவளைப் போல வாயில்லாத பெண்ணை எங்கள் ஊர் அளவெட்டியில் நான் கண்டதில்லை. எனக்கு இருக்கிற வாய் இரண்டு பேருக்குக் காணும் என்பதால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. கலியாணம் முடித்து மூன்றாம் வருடம், எண்பத்தைந்தில், அவள் புருசன் அருளம்பலம் ஜெர்மனிக்குப் போனார். அங்கே விசாவும் சரிவரவில்லை, திரும்பி வரவும் வழியில்லை. அவர் விட்டுப்போனது எட்டுப் பரப்புத் தோட்டமும் கிணற்றடியில் ஒரு இறைப்பு மிசினும்தான்.

கடிதம் வரும். வந்தென்ன? நலம், நலமறிய ஆவல், இங்கே குளிர், உடம்பைப் பார்த்துக்கொள். நாலே வரி. தந்தி அடிக்கிறவன்கூட இன்னும் இரண்டு சொல் சேர்த்திருப்பான். அதையும் அந்த விசரி தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றொன்று ஆனியில் மிசின் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. வெங்காயம் நட்டு மூன்று கிழமை. போர்த் தடையால் பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத காலம். கண்மருந்துப் போத்தலில் சேமித்து வைத்த பெற்றோலில் நாலு சொட்டு விட்டு மிசினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவோம். அந்த நாலு சொட்டும் வீணானால் வயிறு எரியாதா? அவள் புருசனுக்கு எழுதி, கொழும்புக்குப் போகிற ஆளிடம் கொடுத்துவிட்டாள். பதில் வர இரண்டு மாதமாகும், வெங்காயம் பொறுக்காது என்று நான் ஏசினேன். பிறகு நாங்களே, கிணற்றுக்குள் இறங்கும் ஓஸ் குழாயில் சவுக்கார நுரையைத் தடவிப் பார்த்தோம். ஒரு வெடிப்பில் நுரை உள்ளே இழுபட்டது. அதால் காற்று உள்ளே போயிருக்கிறது. பழைய சைக்கிள் ரியூப்பைக் கீறி இறுக்கிச் சுற்றினோம். தண்ணீர் வந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கடிதமும் வந்தது. நாலு பக்கம்! படம் கீறி, எங்கே எதைத் தட்டிப் பார்ப்பதென்று எழுதியிருந்தார். நடுவில் ஒரு வரி: ஓஸ் குழாயை இடது கையால் தூக்கு, உனக்கு வலது மணிக்கட்டு நோகும். ஆறு வருடத்துக்குப் பிறகும் அந்த மனுசனுக்கு அவளுடைய மணிக்கட்டு ஞாபகம் இருந்தது. அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

மிசின் சரியாகிவிட்டது என்று எழுதச் சொன்னேன்.

“எழுதினா திரும்பவும் நாலு வரிதான் வரும், குணமக்கா,” என்றாள்.

அதன்பிறகு நல்ல மிசினுக்குப் பழுது தேடினோம். பிளக் கறுக்கிறது என்று எழுதினாள், நாலு பக்கம் வந்தது. மிசினின் சுழலும் அச்சடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்றாள், ஐந்து பக்கம். நாலாவது முறை பொய் அகப்படவில்லை. பெல்ட் நழுவுகிறது என்று எழுது என்றேன் நான்.

மூன்று மாதமாகியும் பதில் இல்லை. ஒருநாள் எங்கள் மிசினை எழுப்பும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பெல்ட்டில் ஓடுவது எங்களுடைய பழைய மிசின். அவளுடையதற்குப் பெல்ட்டே கிடையாது! ஒரு பெண்ணின் கடிதத்தை என் வாய் தின்றுவிட்டதே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் மாதம் வந்தது. ஒரே பக்கம். என்னிடம் நீட்டினாள். நான்தான் வாசித்தேன்.

“உது குணலட்சுமியக்காவின்ரை மிசின். எங்கடையிலை பெல்ட் இல்லை. நீ பொய் சொல்லுறாய் எண்டு ரண்டாவது கடிதத்திலையே எனக்குத் தெரியும். மிசின் பழுது எண்டு எழுதிப்போட்டு, வெங்காயம் நல்லா விளைஞ்சது எண்டும் எழுதியிருந்தாய். எனக்கும் இஞ்சை கதைக்க ஆருமில்லை. மிசினைத் தவிர மற்றதை எப்பிடி எழுதிறதெண்டும் தெரியேல்லை. அடுத்ததா எது பழுதெண்டு எழுது.”

அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

பிறகு முகத்தைக் கழுவிவிட்டுப் பதில் எழுதினாள். மிசினைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘எப்ப வருவியள்?’ அவ்வளவுதான்.

அது போய் ஒரு வருடமாகிறது. பதில் வரவில்லை.