வேணியைத் தேடி வந்தவர்கள்

திருவெறும்பூரில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் வேணி. தொழிற்சாலைக் குடியிருப்புப் பெண்கள்தான் அவரிடம் அதிகம் வந்தார்கள். கடைக்குப் போகக்கூடக் கணவன் ஷிப்ட் முடிந்து வரவேண்டும் என்று காத்திருந்து அலுத்தவர்கள். காலையில் மைதானத்தில் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வேணி கூடவே ஓடுவார். எப்போது கையை விட்டார் என்பது ஓட்டுகிறவருக்கே தெரியாது. சொல்லித்தருவது ஒரு பெண் என்பதால்தான் பல வீடுகளில் அனுப்பவே சம்மதித்தார்கள்.

பக்கத்தில் இன்னொரு பயிற்சிப் பள்ளி வந்ததும் ஆள் குறைந்தது. செல்போனில் தேடினால் அவர்கள் பெயர்தான் முதலில் வந்தது. நாமும் விளம்பரம் கொடுக்கலாம் என்று வேணியும் கணவர் ஜெயக்குமாரும் முடிவு செய்தார்கள்.

முதலில் பாலக்கரையில் சம்ரீனைப் பார்த்தார்கள். வீட்டு மாடியறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சின்னக் கடைகளுக்கு விளம்பரம் செய்துகொடுக்கும் பெண். அவள் ஆசை காட்டிப் பேசவில்லை.

"நெட்ல விளம்பரப் பக்கத்தை உங்க பேர்ல, உங்க நம்பர்லயே திறந்துக்கலாம்க்கா. பாஸ்வேர்ட் உங்ககிட்ட இருக்கட்டும். ஆனா ஆள் மெதுவாத்தான் வருவாங்க" என்றாள்.

அடுத்து தில்லைநகரில் ஒரு கம்பெனி. ஏசி அறை, சுவர் நிறையத் திரை, குடிக்கக் காபி. அங்கிருந்த சரத்குமார், எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும், அடுத்த மாதமே மைதானம் போதாமல் போகும் என்றும் சொன்னார். வேணி அங்கேயே கையெழுத்துப் போட்டார். வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண்ணை நம்பி எப்படிக் கொடுப்பது என்று ஜெயக்குமார் கேட்டபோது, வேணிக்கும் அது சரியாகவே பட்டது. தனக்கும் ஒரு ஆபீஸ் கிடையாது என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

கம்பெனிக்காரர்கள் வேணி பெயரில் ஒரு பக்கம் திறந்து, அவர் கற்றுக்கொடுப்பதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். ஆள் குவிந்தது. கற்றுக்கொண்ட பெண்கள் வேணி மேடத்தைப் பாராட்டி அந்தப் பக்கத்தில் எழுதினார்கள். விசாரிக்கிற அழைப்புகள் கம்பெனி நம்பருக்குப் போய், அங்கிருந்து வேணிக்கு வரும். அடுத்த வருடம் அந்த அழைப்புகள் மெல்ல மெல்ல நின்றன. கேட்டால், இப்போது எல்லா இடத்திலும் டல்தான் என்றார் சரத்குமார். வேணி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்.

அதன்பிறகு ஒருநாள் காலை, கையில் மாவுக்கட்டோடு ஒரு பெண், வீடியோவில் பார்த்த மைதானத்தை விசாரித்துக்கொண்டு கணவனுடன் வந்தாள். வேணி அவளைப் பார்த்ததே இல்லை.

"லேடி டீச்சர்னு சொல்லித்தானே சேர்த்தீங்க? அங்க போனா ஆம்பளைங்க. முதல் நாளே மெயின்ரோட்டுல ஓட்டவிட்டு இப்படிப் பண்ணி வச்சிருக்காங்க" என்று கணவன் கத்தினான்.

அந்தப் பெண் வேணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "வீடியோவுல வர்றவங்க இவங்கதாங்க. ஆனா நான் போன இடத்துல இவங்க இல்ல."

வேணி பெயரில் வந்த அழைப்புகளை, பக்கத்தில் வந்த அந்தப் புதிய பள்ளிக்குக் கம்பெனிக்காரர்கள் திருப்பிவிட்டிருந்தார்கள்.

வேணியும் ஜெயக்குமாரும் தில்லைநகருக்கு ஓடினார்கள். இந்தமுறை காபி வரவில்லை. சரத்குமார் குரலை உயர்த்தவும் இல்லை. "பக்கம் எங்க கணக்குல இருக்குங்க மேடம். சேரும்போதே சம்மதிச்சுக் கையெழுத்து போட்டிருக்கீங்க" என்றார். போலீசில் கொடுத்த புகாருக்கு ரசீது கிடைத்தது. அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை.

கடைசியில் வேணி பாலக்கரைக்கே போனார். சம்ரீன் பழைய கதை எதையும் கிளறவில்லை. அந்தப் பக்கத்தை மீட்க அவள் செய்த முயற்சி பலிக்கவில்லை. அதே பெயரில் இன்னொன்று திறந்தால், அழைப்பவர்கள் மறுபடி அங்கேதான் போவார்கள் என்றாள். வேணியின் மகள் பெயரில் 'பவித்ரா ஸ்கூட்டர் பயிற்சி' என்று புதிதாகத் தொடங்கினார்கள். அதில் பாராட்டு ஒன்றுகூட இல்லை.

பல நாள் கழித்து முதல் அழைப்பு வந்தது. காட்டூரிலிருந்து ஒரு பெண். விவரமெல்லாம் கேட்டுவிட்டுத் தயங்கினாள்.

"இன்னொரு பக்கத்துல, வேணி மேடம்னு ஒருத்தங்க நல்லா சொல்லித்தராங்கன்னு போட்டிருக்கு. அவங்க அளவுக்கு நீங்க சொல்லித்தருவீங்களா?"

அது நான்தான் என்று வேணி சொன்னார். "அந்தப் பக்கத்துல வேற நம்பர்ல இருக்கு" என்றாள் அந்தப் பெண். யோசித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லி அவள் வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிடவில்லை.