தேர்தலுக்காக ஒப்படைத்த துப்பாக்கி

எங்கள் வீட்டு பீரோவுக்குள் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த என் கணவர், பணம் கொண்டுபோகும் வேன்களுக்குக் காவலாகப் போனார். அந்த வேலைக்காக லைசென்ஸ் எடுத்து வாங்கியது. திருவொற்றியூரில் எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. லைசென்ஸ் தருவதற்கு முன்னால் போலீஸ் வந்து வீடு வீடாக விசாரித்தது. இவர் குடிப்பாரா, பெண்டாட்டியை அடிப்பாரா என்று என்னிடமே கேட்டார்கள். தோட்டா ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டும். தேர்தல் அறிவித்துவிட்டால் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும்.

அந்தத் தேர்தலுக்கும் ஒப்படைத்துவிட்டு வந்தார். காவல் வேலைக்காகத் துப்பாக்கியைத் திருப்பித் தரச் சொல்லிக் கம்பெனி கேட்டிருந்த விலக்கு உத்தரவு வரத் தாமதமானதால், வேனில் போகாமல் ஆபீஸ் கேட்டில் வெறும் கையோடு நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் கீழ்வீட்டுப் பெண் ஒரு சாயங்காலம் மேலே வந்தாள். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவள். நான் அங்கன்வாடியில் வேலை செய்வதால் எல்லோரையும் போல அவளும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

“டீச்சர், சாரு அந்தத் துப்பாக்கிய எட்த்துகினு ரெண்டு நாளு கீழ வந்து நின்னா போதும். சுடல்லாம் வேணாம். கண்ணால பாத்தாலே பயந்துடுவானுங்க.”

அவளுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டினான். இளையவன் ஐடிஐ முடித்து எண்ணூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தான். கான்ட்ராக்ட் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். வேலையில்லாமல் இருந்த அந்த நாட்களில் ஒரு சொந்தக்காரர் சாவுக்குப் போனான். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு ஊர்வலம் போகும்போது அவன் ஆடிக்கொண்டே பிய்த்துப் போட்ட மாலை, பைக்கில் வந்த ஒருவன் முகத்தில் விழுந்தது. கைகலப்பானது. அடிவாங்கிய பைக்காரன் கிழிந்த சட்டையோடு நின்றதை யாரோ படமெடுத்துப் போனில் அனுப்ப, ஏரியாவே பார்த்துச் சிரித்தது. அன்றிலிருந்து மிரட்டல்தான். சமாதானம் பேசப் போன மூத்தவனையும் சேர்த்து மிரட்டினார்கள். புகார் கொடுக்கப் போன தாயிடம், தேர்தல் பந்தோபஸ்து முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“அது ஸ்டேஷன்ல கீதும்மா,” என்றார் என் கணவர். “இங்க இருந்தாலும் நான் எட்த்துனு வர முடியாது. பணத்துக்குக் காவல் நிக்கத்தான் அத்தக் குடுத்துக்கீறாங்க.”

“பணத்துக்குக் காவல் கீது. எம் புள்ளைங்களுக்கு இன்னா சாரு கீது?”

நான் டீ போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணனும் தம்பியும் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றிருந்தார்கள். ஒரே பைக்கில் மூன்று பேர் வந்தார்கள். லாரி ஸ்பிரிங் பட்டையைத் தீட்டிச் செய்த கத்திகள் அவர்கள் கையில் இருந்தன. அதில் ஒருவனை எனக்குத் தெரியும். சின்ன வயதில் என் சென்டரில்தான் இருந்தான். அம்மா விட்டுப்போனால் என் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுவான். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான்.

என் கணவர் செருப்புகூடப் போடாமல் ஓடினார். அவர் கீழே போய்ச் சேர்வதற்குள் மூத்தவன் வெட்டுப்பட்டு விழுந்துவிட்டான்; பிழைக்கவில்லை. இளையவன் வலது கையில் வெட்டு வாங்கி, சுவர் ஏறிக் குதித்துத் தப்பித்தான்.

அதற்குப் பிறகு போலீஸ் தினமும் வந்தது. பழிவாங்க யாராவது ஆயுதம் பதுக்கியிருக்கிறார்களா என்று கட்டிலுக்கு அடியில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் எல்லாம் தேடியது. எங்கள் பிளாக்கில் கிடைத்தது சமையல் கத்திகளும், செத்தவனுடைய அம்மாவின் மீன் கத்தியும்தான். அதையும் எடுத்துப் போனார்கள். விலாசம் வாங்காமல் யாருக்கும் கத்தி விற்கக் கூடாது என்று கடைகளில் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன்.

காரியத்தன்று பந்தலில் பக்கத்து பிளாக்காரர் ஒருவர், “சாரு மாதிரி நம்மகிட்டயும் ஆளுக்கு ஒரு துப்பாக்கி இருந்தா எவன் வருவான்?” என்றார்.

பொதுவாக அதிர்ந்து பேசாத என் கணவர் எழுந்துவிட்டார். “உனக்குக் கெடச்சா அவனுக்கும் கெடைக்கும்யா! அவனுங்க கைல அன்னிக்குத் துப்பாக்கி இருந்திருந்தா சின்னவனும் போயிருப்பான், டீக்கடைல நின்னவனுங்களும் போயிருப்பானுங்க. ஒனக்கு இன்னா தெரியும்?”

அவர் சொன்னது சரிதான். அந்தக் கெடுபிடியான சட்டம் இருப்பதால்தான் இளையவன் உயிரோடு இருக்கிறான் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அதை அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அந்தச் சண்டை பிய்த்துப் போட்ட மாலையில் தொடங்கியதா, போனில் தொடங்கியதா, அவனை வேலையைவிட்டு அனுப்பிய நாளிலா? என் சென்டரில் அழுதுகொண்டிருந்த பையன் அந்த பைக்கில் ஏறி உட்காரும்வரை அவனுக்கு என்னென்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. போலீஸ் தேடியபோது இதில் எதையும் தேடவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. எங்கே தேடுவது என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன்.

இளையவனைக் கோயம்புத்தூரில் சித்தி வீட்டில் இருக்கச் சொல்லி, மாதவரம் பஸ் ஸ்டாண்டில் நாங்களே ஏற்றிவிட்டோம். கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்துவிட்டான். படிக்கட்டில் பார்த்தேன்.

“இன்னாடா, எப்ப வந்த?”

“காலீல டீச்சர்.”

“வேலை?”

“கை மடங்கல. வேணாம்னுட்டாங்க.”

சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தான். இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டதால் ஸ்பூன் கொடுத்தேன். பக்கத்தில் தரையில் கிடந்த அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்காமல் கவிழ்த்து வைத்தான்.

“மனசுல எதுனா வெச்சிகினு கீறியாடா?”

“அதெல்லாம் ஒண்ணியும் இல்ல டீச்சர்,” என்றான், சோற்றைப் பார்த்தபடி.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு இறங்கினான். தன் வீட்டுக்குள் போகாமல் கேட்டைத் தாண்டி வெளியே போனான். நான் வராந்தாவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்து, போங்க என்பதுபோல் கையை ஆட்டினான். அவன் அம்மா இன்னும் வியாபாரம் முடிந்து வரவில்லை. அவளுக்குப் போன் போட்டேன். “இன்னா டீச்சர்?” என்று அவள் கேட்டதும், மகன் வெளியே போனதைச் சொல்லாமல், வரும்போது கொஞ்சம் நெத்திலி எடுத்து வா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.